புழுவுக்குப் போட்ட மாத்திரை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு நோயாளியைப் பார்க்கப் போவதும் மாரியம்மன் பண்டிகைக்குப் போவதும் ஒன்றாகிவிட்டது என்பது மாரப்பனின் தீர்மானமான எண்ணம். தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த துணி உடுத்தி, பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு ரொட்டிப் பொட்டலமும் நாலு சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். கட்டிலைச் சுற்றி உட்காருகிறார்கள். நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்து, "எப்பேர்ப்பட்ட உடம்பு, இப்பிடி ஆயிப்போச்சே!" என்று ஒரு மூச்சு அழுகிறார்கள். அழுது முடித்ததும், இதே வியாதியில் போய்ச் சேர்ந்தவர்களின் கதையை ஒன்று விடாமல் சொல்கிறார்கள். பிறகு தாங்கள் கொண்டுவந்த சாத்துக்குடியைத் தாங்களே உரித்துத் தின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போகிறார்கள்.

"பாக்க வந்தவன் பாத்துட்டுப் போவணும். இவனுங்க என்ன, பொண்ணு பாக்கவா வந்தானுங்க, தட்டத்த வெச்சிக்கிட்டு உக்கார்றதுக்கு?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்றே சொன்னார். அப்போதுதான் எழுந்து போன ஒரு கூட்டம் திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

சேலத்துக்கு வெளியே பாதிரிமார் நடத்திய அந்த ஆஸ்பத்திரியில் அவர் மனைவி தீர்த்தம்மாள் படுத்திருந்தாள். மாரப்பன் பென்னாகரத்துப் பக்கத்துக்காரர். மல்பெரித் தோட்டம் வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறவர். படிப்பென்றால் கையெழுத்து வரைதான். மற்றபடி எவன் எதைச் சொன்னாலும் அதில் பாதி பொய் என்று வைத்துக்கொள்ளும் பழக்கத்தால் தான் இத்தனை வயது வரை ஏமாறாமல் வந்ததாக அவருக்கு நினைப்பு.

தீர்த்தம்மாளுக்குக் கழுத்தில் சுண்டைக்காய் மாதிரி நெறி கட்டியது. அது எலுமிச்சங்காய் ஆனபோது இங்கே வந்தார்கள். புற்றுநோய் என்றார்கள். குணமாகிற வகைதான், ஆனால் மாதா மாதம் வந்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். மருந்து ஏற ஏறக் கட்டி கரைந்தது. தலைமுடியும் கொட்டியது. இரண்டுக்கும் மாரப்பன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டாக்டரம்மா சுகிர்தம் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பிய ஒன்றை மட்டும் அவர் காதில் வாங்கவில்லை. "மருந்து ஏத்துனதுக்கு அப்புறம் உடம்புல எதிர்த்துச் சண்டை போடற சக்தி இருக்காது. காய்ச்சல் அடிச்சா அன்னிக்கே கூட்டிட்டு வந்துடணும். வீட்டு வைத்தியம் எதுவும் கூடாது."

காய்ச்சல் அடித்தது. "காச்சலுக்கெல்லாம் சேலத்துக்கு ஓடுனா பஸ்ஸுக்காரந்தான் பொழைப்பான்" என்று சொல்லிவிட்டு மாரப்பன் புழு வீட்டுக்குள் போனார். அங்கே விட்டத்தில் ஒரு பிஸ்கட் டின் தொங்கியது. அதற்குள் இருந்தவை சிவப்பும் மஞ்சளுமான இரண்டு நிற மாத்திரைகள்.

அந்தப் பக்கம் புழு வளர்க்கிற வீடுகளில் அப்படி ஒரு டின் தொங்காத வீடு கிடையாது. மழைக்காலத்தில் ஈரத் தழை தின்றால் புழு கறுத்துத் துவண்டு நாறிப்போகும். மனிதர்களுக்குச் சீக்குக்குப் போடுகிற இந்த மாத்திரையை உடைத்துத் தண்ணீரில் கலக்கித் தழைமேல் தெளித்தால் புழு தேறும் என்று யாரோ எந்தக் காலத்திலோ கண்டுபிடித்தார்கள். ஆபீஸர்மார் யாரும் சொன்னதில்லை. ஒருவர் தெளித்ததைப் பார்த்து அடுத்தவர் தெளித்தார், அவ்வளவுதான். புழுவுக்கு வாங்கி வைத்தது மனிதருக்கும் ஆயிற்று. சளியென்றால் ஒன்று. பல்வலியென்றால் ஒன்று. காலில் முள் குத்திப் புண்ணானால் உடைத்துத் தூளைப் புண்மேல் தூவுவது. கொஞ்சம் தேறியதும் மீதியைப் பத்திரமாக டின்னிலேயே போட்டு வைப்பது. விலை கொடுத்து வாங்கிய மருந்தை வீணாக்குவார்களா? தழைக்கு மருந்து தெளிக்கிற வேலை தீர்த்தம்மாளுடையது. மருந்துத் தண்ணீரில் கையை அளைந்து, அந்தக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு களியை உருட்டித் தின்பாள். வருஷக் கணக்காக அப்படித்தான்.

இந்தத் தடவை அந்த மாத்திரைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. டின் காலியாகிற வரை பார்த்தார். அவளுக்குப் பேச்சு குழறத் தொடங்கிய பிறகுதான் மாரப்பன் மகள் ராமக்காளுக்குச் சொல்லி அனுப்பினார். அவள் பாப்பிரெட்டிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். வந்தவள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு ஆத்தாளைத் தூக்கி பஸ்ஸில் போட்டாள்.

டாக்டரம்மா சுகிர்தம் தெற்கத்திச் சீமைக்காரி. மெல்லிய குரல். ஆனால் கேட்டதற்குப் பதில் வராமல் நகரமாட்டாள். தீர்த்தம்மாளைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள்.

"ஐயா, உள்ளதச் சொல்லிடறேன். கட்டி நல்லாக் கரைஞ்சிருக்கு. அந்த வியாதியால அவங்களுக்கு இப்போ ஆபத்தில்ல. இந்தக் காய்ச்சல்தான் ஆபத்து. நாங்க போடற ஊசிக்கு இறங்கல. இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை குடுத்திருக்கீங்க?"

"ஒண்ணும் குடுக்கலீங்க" என்றார் மாரப்பன். கேட்டவுடன் உள்ளதைச் சொல்லிவிடுவது அவர் வழக்கமில்லை.

"ஏப்பா, வாயத் தொறந்தா பொய்யா?" என்று உள்ளேயிருந்து ராமக்காள் வந்தாள். "புழுவுக்குப் போடற மாத்தரைங்க, அத்தனையும் குடுத்திருக்குது. இப்ப மட்டுமில்லீங்க. எங்க வூட்ல தும்முனாலே அந்த டின்னத்தான் எறக்குவாங்க."

"புழுவுக்கா?"

ராமக்காள் விவரம் சொன்னாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. மறுநாள் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டை மூடியோடு எடுத்துக்கொண்டு வந்து மாரப்பனின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இது அம்மாவோட ரத்தத்துல இருந்த கிருமி. வளர்த்து வெச்சிருக்கோம். தொடாதீங்க, பாருங்க."

மாரப்பன் பார்த்தார். திரிந்த பாலின் ஏடு மாதிரி தட்டு முழுக்க ஒரு மங்கல் படர்ந்திருந்தது. அதன்மேல் அங்கங்கே வெள்ளைக் காகிதப் பொட்டுகள்.

"ஒவ்வொரு பொட்டுலயும் ஒரு மருந்து நனைச்சிருக்கு. மருந்து கேட்டா, பொட்டச் சுத்திக் கிருமி வளராது. வட்டமா வெளுப்பாத் தெரியும். இந்தா, இந்த ஓரத்துப் பொட்டச் சுத்தி வெளுத்திருக்கு பாருங்க. அடுத்து இது, நீங்க குடுத்த மாத்திரை."

இரண்டாவதாக அவள் காட்டிய பொட்டைச் சுற்றி வட்டமே இல்லை. மங்கல் நேராகப் பொட்டு வரை வந்து அதன்மேல் ஏறிப் படுத்திருந்தது. பக்கத்துப் பொட்டுகளும் அப்படித்தான்.

"கிருமி எங்கேயிருந்தும் வரல. அவங்க வயித்துலயே இருந்ததுதான். தினம் கொஞ்சம் கொஞ்சமா மருந்து பட்டுப் பட்டு, சாகறது செத்துப்போச்சு. சாகாதது மட்டும் நின்னு பெருகிடுச்சு. உடம்பு நல்லா இருந்த வரைக்கும் அடக்கி வெச்சிருந்தது. இப்போ உடம்புல பலமில்ல, எழுந்துகிடுச்சு."

மாரப்பன் தட்டையும் டாக்டரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பொட்டுல மருந்து நனைச்சது ஆருங்க?"

"தயார் பண்ணியே வருது. மெட்ராஸ்லருந்து."

"எந்தப் பொட்டுல மருந்து நனைச்சான், எந்தப் பொட்டுல பச்சத் தண்ணி நனைச்சான்னு நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்களா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாக்கலீங்க ஐயா."

"அப்பறம்? உரத்துல மண்ணக் கலக்கறான். பால்ல தண்ணி ஊத்தறான். மாத்தரைய மட்டும் சுத்தமா வெச்சிருப்பானா? மொதல்ல எங்க புழுவுக்கு ஒரு மாத்தரை போட்டாப் போதும். இப்பப் பிடி பிடியாப் போட்டாலும் கேக்கல. ஏன்? சரக்கு செத்த சரக்கு. பூச்சி பழகிக்கிச்சு, மருந்தத் தெரிஞ்சிக்கிச்சுன்னு சொல்றது, கலப்படக்காரனத் தப்பிக்க வுடற பேச்சுங்க."

"சரி, உங்க பேச்சுப்படியே வெச்சுக்குவோம். மருந்து பொய்யோ, கிருமி கெட்டியோ, உங்க வீட்டம்மாவுக்கு இப்போ ரெண்டும் ஒண்ணுதான். ஓரத்துப் பொட்டு மருந்துக்கு ஆள் அனுப்பியிருக்கோம். வந்து சேரணும். அது வரைக்கும், அவங்க ரத்தம் தேறற வரைக்கும், புதுசா ஒரு சளி ஒட்டுனாக்கூடத் தாங்காது. பொண்ணு ஒருத்தி மட்டும் உள்ள இருக்கட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவாமத் தொடக் கூடாது. வேற யாரும் வாசப்படி தாண்டக் கூடாது. இதையாவது கேப்பீங்களா?"

இதை மாரப்பன் கேட்டார். நம்பியதால் அல்ல. வாசற்படி தாண்டக் கூடாது என்ற சட்டம் அவருக்குப் புதிதல்ல. புழு வீட்டுக்குள் அடுத்த வீட்டு ஆள் நுழைய விடமாட்டார். சொந்தக்காரனே ஆனாலும் காலைக் கழுவிவிட்டு வெளியில் நின்றுதான் பேச வேண்டும். அடுத்தவன் கண் பட்டால் புழு கூடு கட்டாது. இந்த ஐப்பசியில் தன் வீட்டுக்கு வந்து போன கண்கள் கொஞ்ச நஞ்சமா? கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, "எப்பேர்ப்பட்ட உடம்பு" என்றவர்கள் கொஞ்சமா? காய்ச்சல் ஏன் இறங்கவில்லை என்பதற்கு அவருக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

உள்ளே வரக் கூடாது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு பலகை மாட்டினார்கள். வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, "நாம ஒரு நிமிஷந்தானே" என்று உள்ளே நுழையப் பார்த்தார்கள். மாரப்பன் எழுந்து போய், ஆஸ்பத்திரி வேலியோரத்து வேம்பில் இரண்டு கொப்பு ஒடித்துவந்து கதவு நிலையில் செருகினார். அப்புறம் ஒருத்தரும் கிட்டே வரவில்லை. வேப்பந்தழை தொங்கினால் உள்ளே அம்மை இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். வந்தவர்கள் அங்கிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டு, ரொட்டிப் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். டாக்டரம்மா வந்து தழையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

தழைக்கும் மசியாமல் வந்தவன் சென்றாயன். தீர்த்தம்மாளின் ஒரே தம்பி. கூட அவன் பெண்சாதி கோவிந்தம்மாள். மழையில் நனைந்து வந்திருந்தான். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என்ன மாமா, வேப்பந்தழ? அக்காளுக்கு அம்மையா?"

"அம்மையில்ல. ஆனா உள்ள போவக் கூடாது."

"நான் கூடவா?"

"நீதான் மொதல்ல கூடாது. சளியக் கொண்டாந்திருக்கிற."

"நான் கூடப் பொறந்தவன் மாமா."

"தெரியும்டா. நீ மூக்கொழுகிக்கிட்டு நிக்கறப்ப உன்னயத் தோள்ல தூக்கிக்கிட்டு ஒகேனக்கல்லுக்குப் போனவன் நானு. இத்தன வருசம் ஆச்சு, இன்னிக்கும் அந்த மூக்கு நிக்கல."

கோவிந்தம்மாள் முன்னால் வந்தாள். "ஊருல பேசறது சரியாத்தான் இருக்குது. பொண்டாட்டிய ரூமுக்குள்ள பூட்டி வெச்சிட்டாரு, உசுரு இருக்குதா இல்லியான்னு கூடத் தெரியலன்னு சொல்றாங்க. உள்ள இருக்குதா அண்ணி, இல்ல தூக்கிட்டாங்களா?"

"கோவிந்தம்மா, வாயக் கழுவு. கையக் கழுவறதுக்கு இங்க சோப்பு இருக்குது. வாயக் கழுவவும் அதான்."

அப்போது உள்ளே தீர்த்தம்மாள் ஏதோ அனத்தினாள். சென்றாயன் அதைக் கேட்டுவிட்டான். கதவை நோக்கி நடந்தான். மாரப்பன் இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றிக்கொண்டு குறுக்கே நின்றார். சென்றாயன் வாலிபன் இல்லையென்றாலும் பலசாலி. கிழவரைத் தள்ளிவிட ஒரு கை போதும். தள்ளவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து 'வாங்க போங்க' என்று பேசியவன் அன்றைக்கு அதை விட்டான்.

"யோவ், நாளைக்கி ஒண்ணு ஆயிப்போச்சுன்னா பொறந்த வூட்டுக் கோடி கொண்டாந்து போத்தறவன் நானு. அப்ப மட்டும் கதவத் தொறப்பியா? உசுரோட இருக்கறப்ப மூஞ்சியப் பாக்க வுடாம, செத்தப்பறம் சீலை போத்தச் சொல்லுவியா?"

"கோடி எடுத்துட்டியா? எடுத்திருந்தாக் கடையில திருப்பிக் குடுத்துடு. கசங்காம இருந்தா வாங்கிக்குவான்."

சென்றாயன் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். சாத்துக்குடிப் பையைத் தூணோரமாக வைத்தான். "என் அக்காளுக்கு ஏதாவது ஆச்சு, ஒம் மொகத்துல முழிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கோவிந்தம்மாளை இழுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

அவன் போன பிறகும் மாரப்பனின் கைகள் நிலையிலேயே இருந்தன. அவள் பிழைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கூடப்பிறந்தவனைக் கடைசி முகம் பார்க்க விடாதவன் என்ற பேச்சு, அவர் செத்து அவர் சாம்பலும் போன பிறகும் பென்னாகரத்தில் இருக்கும். அதிலும், எதை நம்பி இப்படி நிற்கிறார்? டாக்டரம்மாவின் தட்டையா? அந்த மங்கலையும் பொட்டையுமா? "த்தூ" என்று வெளியே துப்பினார். துப்பிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டார்.

புது ஊசி வந்தது. போட்டார்கள். அன்றைக்கு ஒன்றும் மாறவில்லை. மறுநாளும் உடம்பு கொதித்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் ராமக்காள் வெளியே வந்து, "ஏப்பா, ஆத்தாளுக்கு வேத்திருக்குது" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. மாரப்பன் கதவருகே போய் நின்றார். உள்ளே போகவில்லை.

"ஏனுங்க" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. நூலிழை மாதிரி குரல்.

"என்ன?"

"எனக்குக் களி வேணும்."

"ஆஸ்பத்திரியில களி கிண்டி வெச்சிருக்கறாங்களா ஒனக்கு? ரொட்டி இருக்குது, மல மாதிரி. ஊரே வாங்கியாந்து குவிச்சிருக்குது."

"அந்தச் சக்கைய ஆரு தின்பாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "என் தம்பி வந்தானா? அவன் கொரலு கேட்டாப்பல இருந்துச்சு."

"வந்தான். தொரத்திட்டேன்."

தீர்த்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தார். அவளோ முடியில்லாத தலையைத் தலையணையில் திருப்பி, "இந்தத் தலையோட அவன் என்னயப் பாக்காததும் நல்லதாப் போச்சு" என்றாள். பிறகு, "ஊருக்குப் போனதும் நீங்களே போயி அவனக் கூட்டிக்கிட்டு வரணும். இல்லீன்னா நான் களி கிண்டிப் போடமாட்டேன்" என்றாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா மாரப்பனைத் தனியே கூப்பிட்டாள். "ஐயா, இன்னும் சில தடவ மருந்து ஏத்தணும். ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி உடம்பு பலமிழந்து, அப்புறந்தான் தேறும். அந்த மாத்திரை இனிமே உங்க வீட்டுல இருக்கக் கூடாது. புழுவுக்கும் தெளிக்காதீங்க. தெளிச்சா அது அவங்க கைக்கும் வயித்துக்கும்தான் போகும். இந்தப் புது ஊசியும் கேக்காமப் போச்சுன்னா, அப்புறம் என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

"புழு செத்தா?"

"புழு செத்தா அடுத்த புழு வளக்கலாம்."

மாரப்பன் நன்றி சொல்லவில்லை. கதவு நிலையில் காய்ந்து கிடந்த வேப்பந்தழையை மட்டும் மறக்காமல் எடுத்துப் போட்டார்.

ஊருக்குப் போனதும் சென்றாயன் வீட்டுத் தெருவில் இரண்டு தடவை நடந்தார். மூன்றாவது தடவை அவனே வெளியே வந்து, "மாமா, வர்றதா இருந்தா வாங்க. தெருவத் தேக்காதீங்க" என்றான். அந்த விவகாரம் அப்படி முடிந்தது. வந்து அக்காளைப் பார்த்தான். காலையும் கையையும் கழுவிவிட்டுத்தான்.

கார்த்திகையில் மறுபடி புழு இறக்கினார்கள். தீர்த்தம்மாளைப் புழு வீட்டுப் பக்கமே விடவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்து யோசனை மட்டும் சொன்னாள். கூடு கட்டப் போகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் புழுத் தட்டுகளின் ஓரத்தில் புழுக்கள் கறுத்துத் துவண்டு கிடந்தன. அந்த நாற்றம் மாரப்பனுக்குத் தெரியும். விட்டத்தில் டின் தொங்கியது. காலி டின்.

பென்னாகரத்துக்கு பஸ் ஏறினார். கடைத்தெருவில் தாவூதின் மருந்துக் கடை. மாரப்பன் படியேறும்போதே தாவூது எழுந்து, கேட்காமலே இரண்டு நிற மாத்திரை அட்டைகளை எடுத்துப் பலகைமேல் வைத்தார். மழைக்காலத்தில் புழுக்காரர்கள் வந்தால் வேறு எதற்கு வருவார்கள்?

"வாங்கண்ணா. அக்கா எப்படி இருக்காங்க?"

"பேசறா. பேச்சு வந்துட்டா அவளுக்கு ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

"அல்லாஹ் காப்பாத்துனான். புழு கறுத்துருச்சா?"

மாரப்பன் ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சிவப்பும் மஞ்சளும் பளபளவென்று இருந்தன. ஒன்றை நகத்தால் கீறினார். பிறகு பலகைமேல் திரும்ப வைத்து, விரலால் தாவூது பக்கம் தள்ளினார்.

"வேண்டாம் பாய். பிளீச்சிங் பவுடரு குடு. தட்டக் கழுவணும். கறுத்ததப் பொறுக்கிப் பொதைச்சிடறேன். சுண்ணாம்பு சந்தையில வாங்கிக்கறேன்."

"மாத்தரை போடாம எப்பிடிண்ணா? பாதிப் புழு போயிருமே!"

"போவட்டும்."

தாவூது சிரித்தார். "டாக்டரம்மா சொன்னது மண்டையில ஏறிடுச்சாட்டமிருக்குது."

மாரப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எவன் சொன்னான்? கண்ணுக்குத் தெரியாத பூச்சி, வயித்துக்குள்ள குந்திக்கிட்டு, மருந்த அடையாளம் கண்டு வெச்சிக்குதாம். சாகாதது நின்னு குட்டி போடுதாம். ஆருகிட்ட சொல்றாங்க! ஒஞ் சரக்கு கலப்படம் பாய். நீ கலக்கலன்னா ஒனக்குக் குடுத்தவன் கலந்திருக்கறான். அதுக்காகத்தான் வேண்டாங்கறேன்."

"அண்ணா, சீல் பிரிக்காத அட்ட இது."

"சீலு போட்டவன் ஆரு?"

தாவூது பவுடரைக் கட்டிக் கொடுத்தார். மாரப்பன் பையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினார். கடையின் ஓரத்தில் கை கழுவ வைத்திருந்த வாளியைப் பார்த்ததும் நின்று, அட்டையைத் தொட்ட கையைக் கழுவினார். "பூச்சியாம், பழகிக்குமாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி சந்தைப் பக்கம் நடந்தார்.